கொல்லைக் குட்டையை மூடத்தான் வேண்டுமா?



நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். பத்தாவது வரை படித்தவள். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பசு, ஒரு மாமியார். (மாமியாரைப் பசுவுக்குப் பின்னால் எழுதியதற்கு அவர் கோபிக்க மாட்டார். அவரே பசுவைத்தான் முதலில் சொல்வார்.) இதோடு கொல்லையில் ஒரு குட்டையும் உண்டு. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

2010-ல் நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் தெருவில் ஏழு வீட்டுக் கொல்லையில் குட்டை இருந்தது. இப்போது எங்கள் வீட்டிலும் கோடி வீட்டிலும் மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் மண்ணடித்து மூடியாகி விட்டது. "தண்ணி நின்னா கொசு, பாம்பு, புள்ளைங்களுக்கு ஆபத்து" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். இந்தப் பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வந்த என் கொழுந்தனாரும், "அண்ணி, இந்தப் பள்ளத்தை மூடிட்டா பின்பக்கச் சந்து வழியா வந்து காரை நிறுத்திக்கலாம்" என்றார். வருஷத்தில் நாலு நாள் வருகிற காருக்கு, வருஷம் பூராவும் இருக்கிற குட்டையை மூட வேண்டுமாம்! அவரிடம் அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். அழகுக்காக யாரும் வெட்டியது இல்லை. என் மாமனாரின் அப்பா மண்சுவர் வைத்து வீடு கட்டியபோது சுவருக்கு மண் எடுத்த பள்ளம் அது. எங்கள் பக்கத்துப் பழைய வீட்டுக் குட்டைகள் பல அப்படி வந்தவைதான். சுவர் இடிந்து செங்கல் வீடு வந்து விட்டது, பள்ளம் மட்டும் தங்கி விட்டது. 20 அடி நீளம், 12 அடி அகலம், நடுவில் ஆள் கழுத்தளவு ஆழம். மொட்டை மாடி மழைத் தண்ணீர் குழாய் வழியாக அதில்தான் விழுகிறது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து விட்டால் அடியிலிருந்தும் ஊறும்.

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் கறந்து, காப்பித் தம்ளரோடு அந்தத் துவைகல்லில் பத்து நிமிஷம் உட்காருவேன். எனக்கென்று ஒரு நாளில் இருக்கிற நேரம் அந்தப் பத்து நிமிஷம்தான். ராத்திரி பூத்த அல்லி அப்போதும் விரிந்தே இருக்கும், வெயில் ஏறினதும் மூடிக் கொள்ளும். மீன்கொத்தி ஒன்று தென்னை மட்டையில் வந்து உட்காரும். மடையான் கரையில் அசையாமல் நிற்கும். பறக்கும்போதுதான் 'அட, இத்தனை வெள்ளையா!' என்று தெரியும். ஐப்பசி மழை பிடித்தால் ராத்திரி தவளைச் சத்தத்தில் டி.வி. கேட்காது. என் பெண் தவளை முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்த குட்டித் தவளை எல்லாவற்றையும் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்து விட்டாள். இதற்கெல்லாம் என்ன விலை போடுவது?

ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் நான் பொய் சொன்னதாகி விடும். இந்தக் குட்டையை மூடச் சொல்லி ஒரு காலத்தில் அழுதவளே நான்தான்.

2014-ல் என் மகனுக்கு இரண்டு வயது. காலில் கொலுசு போட்டிருந்தான். நான் அடுப்படியில் மாவு கரைத்துக் கொண்டிருந்தேன். கொல்லைத் திண்ணையில் அவன் ஓடுகிற கொலுசுச் சத்தம் கேட்டபடி இருந்தது. திடீரென்று நின்று விட்டது. என்ன தோன்றியதோ, கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். துவைகல்லுக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். கத்தவில்லை, கையை அடிக்கவில்லை. சினிமாவில் காட்டுவது போலெல்லாம் எதுவும் இல்லை. தூக்கித் தோளில் போட்டதும் தண்ணீராக வாந்தி எடுத்தான், பிறகுதான் அழுதான். அந்த அழுகைச் சத்தம் மாதிரி இனிமையான சத்தத்தை நான் இன்று வரை கேட்டதில்லை.

சகோதரிகளே, தயவு செய்து இதைக் கவனியுங்கள். சின்னக் குழந்தை மூழ்கச் சாண் தண்ணீர் போதும், பக்கெட் போதும். சத்தமே வராது. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்து விடும். 'சத்தம் கேட்டா ஓடிப் போய்ப் பாத்துக்கலாம்' என்று யாரும் இருக்காதீர்கள்.

அன்று சாயங்காலமே என்னவர் டிராக்டர்காரரிடம் நாலு நடை மண்ணுக்குச் சொல்லி விட்டார். நானும், "மூடிடுங்க, இனிமே அது கண்ணுலயே படக் கூடாது" என்றேன். என் மாமியார் மட்டும் ஒன்று கேட்டார்: "கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினோமே, குட்டைக்கு ஏம்மா ஒண்ணும் கட்டலை?"

எனக்கும் என்னவருக்கும் பதில் இல்லை. கிணற்றில் குழந்தை விழும் என்று தெரிந்துதான் சுவர் கட்டினோம். கிணற்றை மூடவா செய்தோம்? மறு நாள் மண் வரவில்லை, மூங்கில் வந்தது. எங்கள் கொல்லை மூங்கிலை வெட்டி நாலு பக்கமும் நாலடி உயரத்துக்குப் பிளாச்சு வேலி போட்டோம். உள்ளங்கை நுழைகிற அளவுதான் சந்து. குறுக்குக் கழியை உள்பக்கம் வைத்தோம். வெளியில் இருந்தால் குழந்தை அதில் கால் வைத்து ஏறி விடும். வருகிற வழியில் ஒரு படல், அதன் உச்சியில் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டுகிற கொக்கி. மகனுக்கு ஏழு வயதானதும் வாழைமரத் துண்டைக் கட்டி அதே குட்டையில் நீச்சல் பழக்கினோம். இன்று அவன் விரால் போல நீந்துகிறான். இருந்தாலும் வேலியை எடுக்கவில்லை. நம் பிள்ளைக்கு நீச்சல் தெரியும், விருந்துக்கு வருகிறவர்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

அடுத்தது கொசு. 2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பயம். வீடு வீடாக வந்து சோதனை போட்டு, கொசுப் புழு இருந்தால் அபராதம் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெண் கொல்லையைப் பார்த்ததுமே, "குட்டை வச்சிருக்கீங்களா!" என்று முகத்தைச் சுளித்தாள். கரண்டியை விட்டு நாலு இடத்தில் மொண்டு பார்த்தாள். ஒரு புழு இல்லை, குட்டி மீன்தான் வந்தது. அப்புறம் வீட்டுக்குள் போய் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை உருவினாள். அய்யோ, அதில் நெளிந்தது! எனக்கு வெட்கமாகப் போய் விட்டது. மாடிப் படிக்கடியில் கிடந்த பழைய ஆட்டுக்கல் குழியிலும் இருந்தது. குட்டையைக் குற்றம் சொல்கிற நாம், தினம் திறந்து மூடுகிற பிரிட்ஜின் பின்பக்கத்தை வருஷக் கணக்கில் பார்ப்பதில்லை.

டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம் தேங்காய்ச் சிரட்டை, டயர், மூடாத டிரம் இப்படிப்பட்டவைதான். முட்டை கொசுவாகி வெளியே வர ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்த முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக் கொண்டு, காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நாரைப் போட்டுத் தேய்க்க வேண்டும். குட்டையில் மீன் இருக்கிறது, தலைப்பிரட்டை இருக்கிறது, தட்டான்பூச்சியின் குஞ்சு தண்ணீருக்குள் இருந்து கொசுப் புழுவைப் பிடித்துத் தின்கிறது. ஆனால் கரையோரப் புல் தண்ணீரில் சாய்ந்து கிடந்தால் அந்த இடுக்கில் மீன் நுழையாது, புழு தங்கி விடும். அதனால் 15 நாளுக்கு ஒரு தடவை கரைப் புல்லை அறுத்துப் பசுவுக்குப் போடுவேன். புல் மண்டவில்லை என்றால் பாம்பு பயமும் குறையும். தண்ணீர்ப் பாம்பு எங்கள் குட்டையில் உண்டு. கடிக்கும், ஆனால் அதற்கு விஷம் கிடையாது. தவளையைத் தேடி வேறு பாம்பும் வரலாம் என்பதால் இருட்டில் டார்ச் இல்லாமல் யாரும் கொல்லைக்குப் போவதில்லை.

கொசுவுக்காக நாங்கள் விட்டது கப்பி மீன். பத்து விட்டோம், ஆறு மாதத்தில் எண்ண முடியவில்லை. இதை ஏரியிலும் ஆற்றிலும் கொண்டு போய் விடாதீர்கள்; அங்கே உள்ள நம் ஊர் மீனை அது கெடுக்கும். ஜிலேபிக் கெண்டையை நான் வேண்டாம் என்பேன். விட்டால் அதுதான் இருக்கும், வேறு எதுவும் இருக்காது.

நான் செய்த தவறுகளையும் சொல்லி விடுகிறேன். வந்த புதிதில் தண்ணீர் பச்சையாக இருக்கிறதே என்று இரண்டு கை பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். மறு நாள் தண்ணீர் கொஞ்சம் தெளிந்துதான் இருந்தது, மீனெல்லாம் செத்து மிதந்தது! பாசிக்குக் காரணம் நாம்தான் என்று பிற்பாடுதான் புரிந்தது. துணி துவைத்த சோப்புத் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், மிஞ்சின சோறு எல்லாம் அதற்குள்ளேதான் போய்க் கொண்டிருந்தது. அத்தனையும் பாசிக்கு எரு. துவைக்கிற தண்ணீரை வாழைக்குத் திருப்பி விட்டேன். மீனுக்குப் பொரி போட்டால் ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான். தண்ணீரில் பாதி இடம் அல்லி இலை நிழல் விழுந்தாலே பாசி அடங்கி விடுகிறது.

இன்னொரு தவறு வெங்காயத் தாமரை. ஊதாப் பூ அழகாக இருக்கிறதே என்று வாய்க்காலிலிருந்து இரண்டு செடி எடுத்து வந்து போட்டேன். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இரட்டிப்பாகி மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீரே தெரியவில்லை. விடிகாலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. ராத்திரியில் செடி, பாசி, மீன் எல்லாமே மூச்சு விடுவதால் விடியும்போதுதான் தண்ணீரில் காற்று ரொம்பக் குறையும். மூடாப்பு நாளில் இன்னும் மோசம். அப்படிப் பார்த்தால் உடனே செடியை வாரி எறிந்து, குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றுங்கள், மீன் பிழைக்கும். குழாய்த் தண்ணீர் விடுவதானால் ஒரு நாள், இரண்டு நாள் டிரம்மில் வைத்து மருந்து வாடை போன பிறகு விடுங்கள் (டிரம்மை வலைத் துணியால் கட்டி வைக்க மறக்காதீர்கள்!). மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக இறைக்கக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு போதும். இறைத்த தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம். மாசி பங்குனியில் வேம்பும் மாவும் இலை கொட்டும். அடியில் மக்கினால் தண்ணீர் கறுத்து நாறும். அதற்குப் பழைய நைலான் புடவை இரண்டைத் தைத்து மேலே கட்டி விடுவேன்.

2016-ல் பருவ மழை பொய்த்து, 2017 கோடையில் குட்டை வறண்டது. மீனை அண்டாவில் எடுத்து வைத்து விட்டு, ஆள் விட்டு வண்டல் வாரினோம். வாரின மண்ணைப் போட்ட கத்தரி அந்த வருஷம் காய்த்த காய்ப்பு! ஆனால் ஆர்வக் கோளாறில் ஒரு மூலையில் களிமண்ணையும் தாண்டி மணல் வரை வெட்டி விட்டார்கள். அடுத்த மழையில் தண்ணீர் நிற்கவே இல்லை. களிமண் கொண்டு வந்து கொட்டி, பசுவை இறக்கி இரண்டு நாள் மிதிக்க விட்ட பிறகுதான் நின்றது. வண்டலை மட்டும் வாருங்கள், அடிக் களியைத் தொடாதீர்கள்.

இத்தனை வேலையையும் எழுதும்போதுதான் எனக்கே ஒன்று உறைக்கிறது. இதில் 'நாங்கள்' என்று எழுதின பல இடத்தில் 'நான்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன காத்து, என்ன காத்து!" என்று சொல்ல எல்லோரும் வருவார்கள். புல் அறுக்க, இலை வார நான் ஒருத்திதான். தெருவில் மூடிப் போன ஐந்து குட்டைகளும் இப்படித்தான் மூடின என்பது என் எண்ணம். அந்த வீட்டு மாமியார்கள் தளர்ந்து போனார்கள், மருமகள்கள் வேலைக்குப் போனார்கள், ஆண்கள் இறங்கவில்லை. குட்டை நாறியது, மண்ணடித்தார்கள். அந்த மருமகள்களை நான் குறை சொல்ல மாட்டேன். யாரும் கவனிக்காத குட்டையை வைத்திருப்பதற்கு மூடுவதே மேல். பழியை மட்டும் கொசு மேலும் பாம்பு மேலும் போடாமல், 'எங்க வீட்ல யாருக்கும் செய்ய முடியலை' என்று நேராகச் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் இது மாறியது கஜா புயலில். 2018 நவம்பர் 16 விடிகாலை. பொழுது விடிந்து பார்த்தால் ஏழு தென்னையில் நாலு கீழே. கரண்ட் வர 19 நாள் ஆயிற்று. மோட்டார் ஓடாது, டாங்கியில் தண்ணீர் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் கைப்பம்பில் வரிசையில் நின்று கொண்டு வந்தோம். கக்கூஸுக்கும், துணிக்கும், மாட்டுக்கும்? மழையில் குட்டை தளும்பி நின்றது, ஆனால் முழுக்க மட்டையும் இலையும். அப்படியே விட்டால் ஒரு வாரத்தில் அழுகி விடும். அடுப்புக்குக்கூடப் போகாமல் நான் வேலிப் படலைத் திறந்து இறங்கினேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னவரும் வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு பின்னாலேயே இறங்கினார். பகல் முழுக்க மட்டை இழுத்தோம். அந்த 19 நாளும் குட்டையை மூடிய இரண்டு வீட்டுக்காரர்கள் எங்கள் கொல்லையில்தான் வந்து தண்ணீர் எடுத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, என் மாமியார் சொல்லாமல் விடுவாரா? "காரு நிறுத்துற எடத்துல ஒரு கொடம் மொண்டுக்கிறதுதானே" என்று சிரித்துக் கொண்டே கேட்டு விட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை இலை வாருவது என்னவர் வேலை. சொல்லாமலே செய்கிறார் என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

கொல்லை இல்லாத டவுன் சகோதரிகள் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை ஒன்று வாங்கி, அடியைப் பூசி, ஒரு அல்லியும் நாலு கப்பியும் விடலாம். என் தங்கை கும்பகோணத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறாள். புதுச் சிமெண்டில் காரம் இருக்கும், உடனே மீன் விட்டால் சாகும். வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று வாரம் போன பிறகு விட வேண்டும். குழந்தை உள்ள வீடானால் மேலே இரும்புக் கம்பி வலை கட்டாயம். ஹாலில் பிளாஸ்டிக் தாமரை வைத்து, கரண்டில் தண்ணீர் கொட்டுகிற பொம்மை வாங்குகிற காசு இதற்கு ஆகாது.

கொழுந்தனார் சித்திரையில் திருவிழாவுக்கு வரும்போது மறுபடி கார் பேச்சை எடுப்பார். இந்தக் கடிதம் வந்தால் அவருக்குப் படிக்கக் கொடுப்பேன். அவருடைய சின்னப் பையனுக்கு இப்போதுதான் நடை வந்திருக்கிறது. வேலியில் கீழண்டைப் பக்கம் இரண்டு மூங்கில் உளுத்துப் போயிருக்கிறது, அவர்கள் வருவதற்குள் அதை மாற்றியாக வேண்டும்.

- ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்.